வெள்ளிக்கிழமைகளில் உப்பு குறைகிறது

ஜூன் 5, புதன்

இன்று சுற்றுச்சூழல் தினமாம். இவர் வேலை பார்க்கும் சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மரம் நட்டார்கள். போன வருடம் தோண்டிய அதே குழிகள். போன வருடக் கன்றுகள் செத்துப் போனதால் குழி வெட்டும் வேலை மிச்சம் என்று இவர் சந்தோஷமாகச் சொன்னார். முப்பது வருடமாக அவருடைய சந்தோஷங்களைப் பார்த்து வருகிறேன். எதையும் கேள்வி கேட்பதில்லை.

மேடையில் ஓர் அதிகாரி தண்ணீரைத் தாய் என்றாராம். பேசி முடித்துக் கடையில் வாங்கிய புட்டித் தண்ணீரைக் குடித்தாராம்.

காலையில் முருகனுக்கு விளக்கு, பிறகு இட்லிக்கு ஊறப்போட்டது, மதியம் நுண்பொருளியல் இரண்டாம் பாடம். பத்தாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தினார்கள். மீதியை மளிகைப் பொட்டலம் கட்டி வந்த ஆங்கிலத் தாளையும் ஓர் அகராதியையும் வைத்து நானே படித்தேன். தபாலில் பி.ஏ. முடித்தேன். இப்போது ஐம்பத்தோரு வயதில் தபாலில் எம்.ஏ. பொருளியல்; சிறப்புப் பாடம் சுற்றுச்சூழலும் அரசுக் கொள்கையும். புனேயில் இருக்கும் மகன், "எதுக்கும்மா இதெல்லாம், சீரியல் பாக்கலாமில்ல" என்றான். அவன் படித்த படிப்பு அவனுக்கு அவ்வளவுதான் கற்றுக்கொடுத்தது.

ஜூன் 9, ஞாயிறு

கோயம்புத்தூரில் நேர்முக வகுப்பு. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே போனேன்.

வகுப்பில் பதினோரு பேர். ஒன்பது பேர் பதவி உயர்வுக்காக வந்த அரசு ஊழியர்கள். ஒருவர் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள வந்திருக்கிறார். படிக்க வந்தவள் நான் ஒருத்திதான்.

முனைவர் பரந்தாமன் எங்களுக்கு ஆசிரியர், ஆய்வு வழிகாட்டியும் அவரே. ஓர் ஆலை தன் கழிவை ஆற்றில் விட்டு, அதன் நஷ்டத்தை ஆற்றோரத்தில் இருப்பவன் தலையில் கட்டினால் அதற்குப் பெயர் 'புறவிளைவு' என்று ஒரு மணி நேரம் விளக்கினார். எங்கள் ஊரில் இதற்கு அயோக்கியத்தனம் என்று பெயர். ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடலாம்.

அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் பெண் ஒருத்தி கணக்குப் பாடம் எடுத்தாள். நாகர்கோவில்காரி, பெயர் ஜெபசீலி. தலை சீவுவது பாவம் என்று அவள் சபையில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. என்னை ஆன்ட்டி என்கிறாள். அவள் சித்தப்பன் எவனையும் நான் கட்டிக்கொள்ளவில்லை. ஆனால் சராசரியை விளக்கியபோது ஒரு தப்பும் செய்யவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜூன் 12, புதன்

சிலிண்டர் மாற்றினேன். 41 நாள் வந்தது. போன தடவை 39.

ஜூலை 3, புதன்

மாலையில் இவருடைய மாதப் பாரத்தை, நிலையத்துப் படிவத்தை, எழுதினேன். நிலையத்துக்கு உள்ளே வரும் சாயநீரில் எவ்வளவு உப்பு, சுத்தமாகி ஆற்றுக்குப் போகும் நீரில் எவ்வளவு உப்பு. தினம் இரண்டு எண், முப்பது நாள். ஆற்றுக்குப் போவது 2,100-ஐத் தாண்டக் கூடாது என்பது சட்டம். தாண்டவில்லை. பருப்பு வேகும் நேரத்தில் முடித்துவிட்டேன்.

ஒன்பது வருடம் முன்பு அங்கே உப்பு அளக்கும் மீட்டர் கெட்டுப்போனது. புதியது வரும்வரை பாரத்தை வெறுமையாகவா அனுப்ப முடியும்? "போன மாசத்தப் பாத்து கொஞ்சம் கூடக் கொறையப் போட்டுக் குடு புள்ள, உன்ற கையெழுத்து முத்து முத்தா இருக்கும்" என்றார் இவர். புதிய மீட்டர் இன்னும் வரவில்லை. நான் செய்வதைச் சுத்தமாகச் செய்கிறேன். எந்த எண்ணையும் சைபரில் முடிப்பதில்லை. மொய் வைப்பவர்கூட நூற்றொன்று என்று வைக்கிறார். ஒரு நாளின் கணக்கை மொட்டையாக விடுவதா? ஒன்றில் முடிப்பேன். வெள்ளிக்கிழமையிலும் கிருத்திகையிலும் பெரிய எண் எழுதக் கை வராது. எதிரே காலண்டர் இருக்கிறது, பார்த்துக் குறைத்துப் போடுவேன். வேறு எவளாவது எழுதியிருந்தால் கிறுக்கித் தள்ளியிருப்பாள்.

ஜூலை 14, ஞாயிறு

வகுப்பு. இன்று எதிர்காலத்தைத் தள்ளுபடி செய்வது எப்படி என்று பாடம். நூறு வருடம் கழித்துப் பிறக்கப்போகிறவனுக்கு வரும் நஷ்டத்தை இன்றைய மதிப்பில் கணக்கிட்டால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லையாம். ஆடித் தள்ளுபடிகூட ஒரு மாதத்தில் முடிந்துவிடும். இவர்களுடையது நூறு வருடத்துக்கு.

எல்லோரும் ஆய்வறிக்கைத் தலைப்பைச் சொன்னோம். நான் எங்கள் ஊர் ஆறு என்றதும் பரந்தாமன் முகம் மலர்ந்தது.

"ரொம்ப நல்லதும்மா. அந்த ஆத்தைப் பத்தி நான்தான் முதல்ல எழுதினேன். நிலையத்துல இருந்து ஒன்பது வருஷ டேட்டா வாங்கியிருக்கேன். மொத்தம் 3,287 நாள். இந்தியாவுல வேற எந்த ஆத்துக்கும் இப்படி ஒரு நாள்கூட விட்டுப்போகாத டேட்டா கிடையாது."

தன் கட்டுரையின் நகல் ஒன்றைக் கொடுத்தார். பஸ்ஸில் படித்தேன். இந்தத் தடவை உட்கார இடம் கிடைத்தது.

அரசு விதித்த கட்டுப்பாடு வெற்றி பெற்றுவிட்டது, ஆற்றுக்குப் போகும் உப்பு சட்ட அளவைத் தாண்டவில்லை, ஆகவே இதே மாதிரி இன்னும் நாலு ஊரில் நிலையம் கட்டலாம் என்கிறது கட்டுரை. ஆறாம் பக்கத்தில் ஒரு கண்டுபிடிப்பு: வெள்ளிக்கிழமைகளில் உப்பு குறைகிறது. சனிக்கிழமை சம்பள நாள் என்பதால் முதலாளிகள் வெள்ளிக்கிழமை சாய வேலையைக் குறைக்கிறார்கள் என்று நாலு பக்கத்துக்கு விளக்கம். சமன்பாடுகளும் உண்டு.

என் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய் இறங்கினேன்.

ஜூலை 19, ஆடி முதல் வெள்ளி

ஆற்றங்கரைக் கோயிலில் அபிஷேகத்துக்கு லாரியில் தண்ணீர் வந்தது. பத்தடி தள்ளி ஆறு, இன்று ஊதா நிறத்தில். குருக்கள் அந்தப் பக்கம் திரும்பாமல் மந்திரம் சொன்னார். தர்மகர்த்தா, "லாரித் தண்ணிதான் அம்மனுக்குச் சுத்தம்" என்று விளக்கம் தந்தார். அவரைப் பேராசிரியராக வைத்திருக்கலாம்.

கட்டுரையை மறுபடி படித்தேன். 3,287 என்பது சரிதான். லீப் வருடங்கள் இரண்டு.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஜெபசீலி வீட்டுக்கு வந்தாள். ஆற்றைப் பார்க்க வந்தவள், வழியில் என்னையும் பார்த்துப் போகலாம் என்று வந்தாளாம். இவர் வேலைக்குப் போயிருந்தார். காப்பி கொடுத்தேன். சர்க்கரை மூன்று கரண்டி கேட்டாள். படித்த பெண்கள் நாக்கை அடக்குவதில்லை.

"ஆன்ட்டி, உங்க ஊர்ல இருவத்தேழு நாளைக்கு ஒருக்க ஏதாவது நடக்குமா?"

"என்ன நடக்கோணும்?"

"அதுதான் தெரியல்ல. சந்தையா, கரண்டு கட்டா, மில்லுக்கு லீவா? பிளாண்டுல இருந்து வரக்கூடிய தண்ணியில உப்பு இருவத்தேழு நாளைக்கு ஒருக்க டக்குன்னு கொறையுது. ஒம்பது வருசமா, ஒரே ஒரு மாசத்தத் தவிர பிசகல்ல. மழையோடயும் ஒட்டல்ல, மாசத்தோடயும் ஒட்டல்ல. நிலாவப் பாத்தா சாயம் போடுவாங்க?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் என்ன சாயப்பட்டறையா நடத்தறேன்?"

"கடைசி எண்ணு வேற. முக்காவாசியும் ஒண்ணுல முடியுது. தண்ணிக்கு ஒண்ணு மேல அப்படி என்ன ஆசை?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதுதான் எனக்கு தீசிஸ் ஆன்ட்டி. நாலு வருசம் போட்டாச்சு. இந்த டேட்டா பொய்யின்னா எனக்கு ஒண்ணும் இல்ல. அப்பா கட்டுமரம் விட்டுப் படிக்க வச்சாரு" என்றாள்.

பேசிக்கொண்டிருக்கும்போது என் நாற்காலியைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டேன். சுவரில் காலண்டர் இருக்கும் பக்கம் வெளிச்சம் கூச்சமாக இருந்தது. கிருத்திகைகளைச் சிவப்பு மையால் வட்டமிடுவது என் வழக்கம்.

அவள் போன பிறகு டம்ளரைக் கழுவினேன். அடியில் கரையாத சர்க்கரை ஒரு விரல்.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஜூலை மாதப் பாரம் எழுதினேன். ஒன்பதில் முடித்துப் பார்த்தேன், ஏழில் முடித்துப் பார்த்தேன். அசிங்கமாக இருந்தது. அடித்துவிட்டு எப்போதும் போல எழுதினேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

நேர்முக வகுப்புக்குப் பதில் இன்று கருத்தரங்கு. ஜெபசீலி தன் ஆய்வை எல்லோர் முன்னாலும் வைத்தாள். திரையில் என் எண்கள். ஒன்பது வருடத்தையும் அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததே இல்லை.

"இந்த எண்ணுகள யாரும் தண்ணிய அளந்து எழுதல்ல. ஒரே ஆளு உக்காந்து எழுதியிருக்காங்க. யாருன்னு தெரியல்ல. ஆனா ரொம்ப ஒழுங்கான ஆளு" என்றாள்.

பக்கத்தில் இருந்த வகுப்புத் தோழர், ஒரு வருவாய் ஆய்வாளர், தூக்கத்திலிருந்து விழித்து, "யாரு? யாரு?" என்று என்னைக் கேட்டார்.

பரந்தாமன் எழுந்தார். எப்போதும் சாந்தமாகப் பேசுபவர், அதே சாந்தத்தோடு பேசினார். நிலையத்திலிருந்து வாங்கித் திருப்பிக் கொடுத்த பாரங்களைப் பார்த்து எல்லா எண்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றியது இந்தப் பெண்தான். பாரங்களில் தவறில்லை. ஏற்றியவர் உட்கார்ந்த இடத்தில் எண்களை இட்டுக்கட்டிவிட்டு, இப்போது பழியை நிலையத்தின் மேல் போடுகிறார். இதைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதப் போகிறேன். அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு எல்லோரையும் டீ சாப்பிடச் சொன்னார்.

ஜெபசீலி, "சார், மூலப் பாரத்த எடுத்துப் பாத்தாத் தெரிஞ்சிரும்" என்றாள். இரண்டு தடவை சொன்னாள். பிஸ்கட் தட்டு அவளைத் தாண்டிப் போயிற்று.

செப்டம்பர் 17, செவ்வாய்

சாப்பிடும்போது இவரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, அந்தப் பழைய பாரமெல்லாம் பிளாண்டுல இருக்குதுங்களா?"

"கரையான் தின்னுருச்சுன்னு எழுதிக் குடுக்கச் சொல்லி மேனேஜர் சொல்லீட்டாரு. நேத்துதான் எழுதிக் குடுத்தன்."

"தின்னுருச்சுங்களா?"

"இனிமேத் திங்கும். ரசம் ஊத்து."

ஒன்பது வருடப் பொய்யைத் தின்ன கரையானுக்கும் தேதி குறித்துவிட்டார்கள். ரசம் ஊற்றினேன்.

செப்டம்பர் 18, புதன்

மழை. துணி காயவில்லை. மூன்று பேர் கொண்ட குழு அக்டோபர் 11 அன்று விசாரிக்குமாம். குற்றம் உறுதியானால் ஜெபசீலியின் ஆய்வுப் பதிவு ரத்து. இனி எங்கேயும் பதிய முடியாது. வருவாய் ஆய்வாளர் போன் செய்து சொன்னார். வருவாயைத் தவிர எல்லாவற்றையும் ஆய்வு செய்கிறார்.

எனக்கு என்ன? நான் யாருடைய பெண்ணையும் படிக்கச் சொல்லவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

கோயிலில் பூவாக்கு கேட்டேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு, விவரம் அறியாத குழந்தையிடம் ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் போய்ச் சொல்வது, சிவப்பு வந்தால் சும்மா இருப்பது என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

வெள்ளை வந்தது. பூசாரி பொட்டலம் கட்டிய விதம் சரியில்லை, நுனி பிரிந்து உள்ளே தெரிந்தது. மறுபடி கட்டச் சொன்னேன். வெள்ளை. குழந்தைக்குத் தூக்கக் கலக்கம். வேறு குழந்தையை எடுக்கச் சொன்னேன். வெள்ளை.

"அம்மணி, சாமி மூணு தடவ சொல்லியாச்சு, இன்னமும் எத்தன தடவ கேப்பீங்க?" என்றார் பூசாரி.

வாழை இலைப் பொட்டலத்துக்குக் கூடவா நூல் கட்டத் தெரியாது?

அக்டோபர் 6, ஞாயிறு

வகுப்பு. ஜெபசீலி வரவில்லை. கணக்குப் பாடத்தைப் பரந்தாமனே எடுத்தார். சராசரியில் இரண்டு தப்பு.

இடைவேளையில் வருவாய் ஆய்வாளர் ஆரம்பித்தார். "சார், நிலையத்துக்காரங்களே வீட்டுல வச்சு எழுதியிருந்தா?"

பரந்தாமன் சிரித்தார். "எழுத முடியாது சார். அந்த எண்கள்ல உள்ள வர்ற உப்புக்கும் வெளிய போற உப்புக்கும் ஒரு உறவு இருக்கு. சீசன் மாறுது, தீபாவளி ஆர்டருக்கு ஏறுது, மழைக்கு எறங்குது. அதைக் கற்பனையா செய்யணும்னா புள்ளியியல் படிச்ச மூளை வேணும். நிலையத்துல இருக்குற ஆளுக எட்டாவது பாஸ். அவங்க வீட்டுல யாரு இருக்கப் போறாங்க, சோறாக்குறவங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். என் பையில் அவருக்குக் கொடுக்கக் கொண்டுபோன முறுக்கு இருந்தது. திருப்பி எடுத்து வந்துவிட்டேன்.

மழைக்கு இறக்குவது ஒரு பெரிய வித்தையா? ஐப்பசியில் ஆறு நிறைந்து ஓடினால் உப்பு கரையும் என்று சோறாக்குகிறவளுக்குத் தெரியாதா? தீபாவளிக்கு முன் மில்களில் இரண்டு ஷிப்ட் ஓடுவது ஊர் நாய்க்குத் தெரியும். எல்லாம் யோசித்துத்தான் எழுதினேன். ஒரு மாதம்கூட யோசிக்காமல் எழுதியதில்லை.

அக்டோபர் 10, வியாழன்

"நாளைக்குக் கோயமுத்தூர் போறனுங்க."

"கோயிலுக்கா?"

"ஒரு கணக்கு நேர் பண்ணோணும்."

"சாவியப் பக்கத்து ஊட்டுல குடுத்துட்டுப் போ" என்றார். எந்தக் கணக்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அக்டோபர் 11, வெள்ளி

எழுதுகிறேன். எதையும் விடாமல் எழுதுகிறேன்.

குழுவில் மூன்று பேர். நடுவில் வயதான அம்மாள், வெள்ளைப் புடவை, சென்னையிலிருந்து வந்த பேராசிரியை. இரண்டு பக்கமும் இரண்டு ஆண்கள், இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் பரந்தாமன். இன்னொரு மூலையில் ஜெபசீலி. தலை சீவியிருந்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

என்னை யாரும் அழைத்திருக்கவில்லை. கதவைத் தட்டி உள்ளே போனேன்.

"சார் சொன்ன எண்ணுக நான் எழுதினதுங்க" என்றேன்.

பரந்தாமன் எழுந்துவிட்டார். "மேடம், இவங்க நம்ம தபால் மாணவி. குடும்பப் பெண். கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க. அம்மா, நீங்க வீட்டுக்குப் போங்க. இது டெக்னிகல் விஷயம்."

அம்மாள் அவரைப் பார்க்காமல் என்னைக் கேட்டார். "எங்க எழுதினீங்க?"

"சமையக்கட்டுலங்க. ஒம்பது வருசமா. எங்கூட்டுக்காரரு பிளாண்டுல சூப்பர்வைசரு."

"ஆதாரம் ஏதாவது?"

"பாரமெல்லாம் கரையானுக்குக் குடுத்துட்டாங்க. நீங்க ஏதாச்சும் ஒரு மாசத்தச் சொல்லுங்க. அந்த மாசத்துக் காலண்டரு மட்டும் காட்டுங்க போதும்."

"காலண்டர் எதுக்கும்மா?"

"வெள்ளியும் கிருத்திகையும் பாக்கோணுமுங்க. அன்னைக்குப் பெரிய எண் போட மாட்டன். மத்ததெல்லாம் ஒண்ணுல முடியும். மொட்டையா முடிக்கறது ஆகாதுங்க."

மூலையில் ஒரு சத்தம். ஜெபசீலி வாயைப் பொத்திக்கொண்டாள். "கிருத்திகை" என்று அவள் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் அவள் முகம் ஒரே மாதிரிதான் போகிறது.

ஓர் ஆண் போனில் பழைய காலண்டரை எடுத்து ஒரு மாதத்தைக் காட்டினார். நான் தாளில் எந்தெந்த நாளில் குறையும் என்று எழுதினேன். அம்மாள் தன் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். இன்னொரு மாதம் கேட்டார். எழுதினேன். பார்த்தார்.

"இது தற்செயலா இருக்கலாம். இந்தப் பொண்ணு இவங்களுக்குச் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்றார் பரந்தாமன்.

அப்போதுதான் எனக்கு அந்த நினைவு வந்தது. "அஞ்சு வருசம் முன்னால மார்ச் மாசம் பாருங்க. அந்த மாசக் கடைசில மாமியார் தவறிப்போயிட்டாங்க. தீட்டு வீட்டுல நான் கணக்குத் தொடமாட்டன். அந்த ஒரு மாசம் எங்கூட்டுக்காரரே எழுதினாரு. முப்பத்தொரு நாளும் ஒரே எண் இருக்கும். அவருக்கு அவ்வளவுதானுங்க வரும்."

அம்மாள் தேடினார். கம்ப்யூட்டரை மற்ற இருவர் பக்கமும் திருப்பினார். 2,050. முப்பத்தொரு தடவை. சைபரில் முடிகிறது, மொட்டையாக.

"பரந்தாமன், இந்த மாசத்தைப் பத்தி உங்க கட்டுரையில ஒரு பாரா இருக்கு இல்ல?" என்று அம்மாள் கேட்டார்.

இருந்தது. எனக்கு மனப்பாடம். நிலையத்தின் தொழில்நுட்பம் முழு நிலைத்தன்மை அடைந்த மாதம் என்று எழுதியிருக்கிறார். என் மாமியார் செத்த மாதம் அது.

பரந்தாமன் தன் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்கத்தான் வந்தேன் என்று நினைத்தேன். பார்த்தேன். வயதான மனிதர். ஒன்பது வருடம் நான் எழுதியதை உண்மை என்று நம்பி, ஒரு வரி விடாமல் படித்த ஒரே ஆள்.

அம்மாள் என்னிடம், "இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பீங்களா? உங்க கணவர் வேலைக்கும் ஆபத்து, உங்க படிப்புக்கும் ஆபத்து, தெரியுமில்ல?" என்றார்.

தெரியும் என்றேன். மூன்று பக்கம் எழுதினேன். இவர் பெயரை வாயால் சொல்லும் வழக்கமில்லை, எழுதத் தடையில்லை.

வெளியே வராந்தாவில் ஜெபசீலி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, அன்னைக்கி வீட்டுல வச்சே..." என்று ஆரம்பித்தாள்.

"அன்னைக்குச் சொல்லலம்மா" என்றேன். கை ஜில்லென்று இருந்தது அவளுக்கு. சாப்பிட்டிருக்க மாட்டாள்.

அக்டோபர் 12, சனி

காலையில் இவருக்குப் போன் வந்தது. கேட்டுவிட்டு வைத்தார். வெகுநேரம் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

"ஏம்புள்ள, என்னய ஒரு வார்த்த கேட்டியா?"

"நீங்க கேக்கலீங்களே."

"ஓய்வுக்கு ரெண்டு வருசந்தான் இருக்குது. ஊருல எல்லாத்துக்கும் தெரிஞ்ச பொய்யி. நாம ஒருத்தரு சொல்லி ஆறு வெளுத்துருமா?"

"வெளுக்காதுங்க."

"அப்புறம் எதுக்கு?"

எதுக்கு என்று யோசித்தேன். சாமி சொன்னது என்று சொல்லலாம்; சொன்ன பிறகு இருபது நாள் சும்மா இருந்தவள் நான். அந்தப் பெண்ணுக்காக என்று சொல்லலாம். பரந்தாமன் சிரிக்காமல் இருந்திருந்தால் போயிருப்பேனா என்று தெரியாது. தோசையைத் திருப்பினேன். கருகிவிட்டது. அதை நான் தின்றேன்.

அக்டோபர் 30, புதன்

பல்கலைக்கழகம் மூன்று பேருக்கு மூன்று கடிதங்கள் அனுப்பியிருக்கிறது.

ஜெபசீலி மேல் குற்றமில்லை. பொய்க் கணக்கைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதையே தலைப்பாக்கி ஆய்வைத் தொடரலாம், வேறு வழிகாட்டி. போனில் சொன்னாள். "முன்னுரையில உங்க பேரப் போடட்டா ஆன்ட்டி?" என்றாள். வேண்டாம் என்றேன். திருட்டைக் கண்டுபிடித்தவர் திருடருக்கு நன்றி சொல்லும் புத்தகம் இதுவரை வரவில்லை.

பரந்தாமன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார். மற்றபடி இருக்கிறார்.

நான் தரவைப் போலியாகத் தயாரித்ததால் எம்.ஏ. தேர்வு எழுத இரண்டு வருடம் தடை. மூன்று பேர் கையெழுத்து. சரியான தண்டனைதான். ஆனால் 'போலியாக' என்ற சொல்லை அழுத்தித் தட்டச்சு செய்திருந்தார்கள். எனக்குக் கண் நன்றாகவே தெரியும்.

இவர் விசாரணை முடியும்வரை வேலையில் தொடரலாம். நிலையத்தில் அவருடன் யாரும் பேசுவதில்லையாம். டீ மட்டும் வருகிறதாம்.

நவம்பர் 4, திங்கள்

நம்புவதற்கில்லை. அக்டோபர் மாதப் பாரம் வந்திருக்கிறது. அதே பாரம், அதே கட்டங்கள், ஐந்தாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்ற அதே குறிப்பு. நிறுத்தச் சொல்லி யாருக்கும் தோன்றவில்லை. மீட்டரும் வரவில்லை. நிலையத்து எழுத்தர், "எப்பவும் போலப் போட்டு அனுப்பிருங்கண்ணா" என்றாராம்.

இவர் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பக்கத்தில் பேனாவையும் வைத்தார். நான் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். பார்த்தேன், உரித்தேன்.

கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் தேடினார். அது எங்கே இருக்கிறது என்று சொன்னேன், எடுத்துத் தரவில்லை.

"என்ன புள்ள போடறது?"

"அக்டோபர்ல ஒரு நாளாச்சும் அளந்தீங்களா?"

"எதுல அளக்க?"

"அப்ப அளக்கலேன்னு போடுங்க."

கோபித்துக்கொண்டு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். ஒன்றாம் தேதிக்கு எதிரே குனிந்தார். அவர் எழுதி நான் பார்த்து எத்தனையோ வருடமாகிறது. எழுத்துகள் கட்டத்தைத் தாண்டி வழிந்தன. 'அளக்கவில்லை.' இரண்டாம் தேதி. 'அளக்கவில்லை.' நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். ஏழாம் தேதிக்கு வந்ததும் கையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இதுக்கு மேல 'மேற்படி'ன்னு போட்டாப் போதாதா புள்ள?"

"போதாதுங்க" என்றேன். "ஒவ்வொரு நாளுந்தான அளக்காம உட்டீங்க."

எட்டாம் தேதிக்குக் குனிந்தார்.